பதினோராவது கட்டுரை

1936 நவம்பர் 12, வியாழன். இன்று ஒரு சிறு பிழை. பதினோராவது கட்டுரையில் மூன்றாம் பத்தியின் கடைசி வரியை விட்டுவிட்டேன். நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெண் எடுத்துச் சொன்னாள்.

இவ்வளவுதான் சுந்தரராஜுலு டைரியில் எழுதினான். அவள் கண்களைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் பக்கம் போதாது...

அன்று போத்தனூர் ஸ்டேஷனில் மழை. கோயமுத்தூர் வண்டி முக்கால் மணி தாமதம். பிளாட்பாரக் கோடியில் நடந்தபடி அவன் இங்கிலீஷ் கட்டுரை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அடுத்தவர் நிலத்தில் நடந்து நடந்தே கிடைத்துவிடும் உரிமையான வழிப் பாத்தியதை பற்றிய கட்டுரை. திங்கட்கிழமை கோர்ட்டுக் குமாஸ்தாக்களுக்குச் சட்டப் பரீட்சை. இரண்டு தரம் தோற்றாகிவிட்டது. இந்தத் தரமும் போனால் தற்காலிகக் குமாஸ்தா வேலையும் போகும். தாராபுரத்தில் மாமாவின் பஞ்சு மூட்டைகளோடு கிடக்க வேண்டியதுதான். சொந்தமாக நாலு வரி இங்கிலீஷ் எழுத அவனுக்குத் தைரியம் கிடையாது. ஆகவே, மாலை வகுப்பில் வக்கீல் கோவிந்தராஜுலு நாயுடு கொடுத்த பன்னிரண்டு கட்டுரைகளையும் அப்படியே நெஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க... கடைசி வரியை விட்டுப்போட்டீங்க."

பெஞ்சில் ஒரு பெண். பக்கத்தில் அவளுடைய அத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சாரல் பட்ட இமைகள்... அவற்றின் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இரண்டு கண்கள். விட்டுப்போன வரியை அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

எங்கள் வகுப்புப் பாடம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். வக்கீலின் மகள் ராமாமணி என்றாள். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து மூன்று வருஷம். சட்டப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவது அவள்தான். கட்டுரைகளை எழுதுவதும் அவள்தான். வெளியே ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் வகுப்பில் இருபத்தாறு பேர் ஒரே கட்டுரையை எழுதினார்கள், இருபத்தாறு பேரும் தோற்றார்கள். அந்த இருபத்தாறில் அவனும் ஒருவன்.

"என் வரியைச் சொல்லிக்கிட்டு நீங்க நடக்கறதப் பாத்தா பயமா இருக்குதுங்க. அதுதான் வாய்விட்டுப்போட்டேன்."

"எழுதிக் குடுக்கறதும் நீங்க, படிக்காதேங்கறதும் நீங்களா?"

"படிக்க வேண்டாம்னு யாருங்க சொன்னா? கேள்வியைப் பாத்து எழுதுங்கன்னுதான் சொல்றேன்."

அப்புறம் ஒரு கேள்வி போட்டாள். ஒருத்தர் பக்கத்துத் தோட்டத்து வழியாக இருபத்திரண்டு வருஷம் நடக்கிறார். வருஷா வருஷம் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்து, "வழி விடுங்க" என்று கேட்டுவிட்டே நடக்கிறார். பாத்தியதை வந்துவிட்டதா? அவன் யோசிக்கவே இல்லை. இருபது வருஷம் நடந்தால் போதும் என்று கட்டுரையில் இருக்கிறது, வந்துவிட்டது என்றான்.

"அனுமதி வாங்கி நடந்தவருக்குப் பாத்தியதை எங்கிருந்துங்க வரும்?"

அடக்கிய சிரிப்பு இப்போது வெளியே வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அவனைச் சுட்டது. வண்டி வந்ததும், நனைந்தாலும் பரவாயில்லை என்று கடைசிப் பெட்டிக்கு நடந்தான்.

வீம்புக்கு மனப்பாடம் செய்தான். வரிக்கு வரி அவள் கண்கள் குறுக்கே வந்தன... ஞாயிற்றுக்கிழமை சட்டப் புத்தகத்தையே எடுத்துப் பிரித்தான். மூன்று மணி நேரம். அவள் சொன்னதுதான் சரி. கோபம் இப்போது யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை கேள்வித்தாள் வந்தது. பாத்தியதைதான், ஆனால் வழி அல்ல, வாய்க்கால். வாய்ச் சம்மதத்தின் பேரில் இருபத்தைந்து வருஷம் தண்ணீர் எடுத்தவனின் வழக்கு. அவன் யோசிப்பதற்குள் பேனா மனப்பாடக் கட்டுரையில் தானாக ஓடியது. அரைப் பக்கம் ஓடிய பிறகுதான் நின்றான். மணி பார்த்தான். மீதி இருபது நிமிஷம். முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாப் பேனாக்களும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன... குறுக்கே ஒரு கோடு போட்டு அவ்வளவையும் அடித்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல் பதினொரு வரி, சின்னச் சின்னதாக, சொந்த இங்கிலீஷில் எழுதினான்.

சாயங்காலம் வக்கீல் வீட்டில் வகுப்பு. வக்கீல் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். பதினோராவது கட்டுரையை இறக்கிவிட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் முறை வந்தது.

"அடிச்சுப்போட்டேனுங்க. கேள்விக்கு அது பொருந்தலீங்க."

வக்கீல் குரலை உயர்த்தவில்லை. "என் எழுத்தை அடிச்சவருக்கு இந்த ஊட்டுல இனி எடமில்லீங்க. போய்ட்டு வாங்க."

அவன் குடையை எடுத்தான். உள்கதவின் திரையை விலக்கி ராமாமணி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"நாயனா... அவரு அடிச்சது உங்க எழுத்தில்லீங்க. என்னோடது. அடிச்சதுதானுங்க சரி."

வக்கீல் மகளின் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். பிறகு, இன்று வகுப்பு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். கைகொடுக்கப் போன மகளின் கையை அவர் பிடிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு வாசல் கேட் அருகே அவளைப் பார்த்தான். கண்கள் நிறைந்திருந்தன. மழை மறுபடி தூறியது.

"என்னாலதானுங்க இப்படி ஆச்சு."

"எனக்கு மூணு வருஷத்துப் பாரம் எறங்குச்சுங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எதுக்கு நின்னுட்டிருக்கறீங்க?"

"உங்ககிட்டப் பேசறதுக்கு ரெண்டு பக்கம் எழுதி, மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேனுங்க. ஒரு வரிகூட வரமாட்டேங்குது..."

"நல்லதாப் போச்சு. இப்பச் சொல்லுங்க."

குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "உங்களை எனக்குப் புடிச்சிருக்குதுங்க. பரீட்சையில தோத்தாலும் உங்களைப் பொண்ணு கேக்க வருவேனுங்க."

அவள் தலை நிமிரவில்லை. கேட் கம்பியில் நீர்த்துளிகள் ஒவ்வொன்றாக உருண்டு விழுந்தன.

"தோத்துட்டு வந்தா நாயனா கதவைத் தெறக்க மாட்டாருங்க." சற்று நிறுத்தினாள். "நான் தெறப்பேனுங்க."

1936 நவம்பர் 16, திங்கள். பரீட்சை எழுதினேன். முடிவு வர இரண்டு மாதம் ஆகும். நாளை செய்ய வேண்டியது: முதல் பஸ்ஸில் தாராபுரம் போய், பெண் கேட்க மாமாவை அழைத்து வருவது.