முன்செவியைக் கழற்றுங்கள்

மீனலோசனி மேடையேறி ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்வதற்குள் அரங்கம் கைதட்டி முடித்துவிட்டது.

"அருமை அம்மணி!" என்றார் நடுவர் தெய்வசிகாமணி. "முன்செவி நூத்துக்கு நூறு சரின்னு நிரூபிச்சுட்டீங்க. முதல் பரிசு உங்களுக்குத்தான். அடுத்து யாரு?"

கோவைப் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர் ஆய்வரங்கு இப்போதெல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். ஆய்வோ கவிதையோ நாடகமோ, யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. எல்லோர் காதிலும் மிளகளவில் ஒரு முன்செவி. எதிரே நிற்பவரின் தொண்டைத் துடிப்பைப் படித்து, அவர் சொல்லப்போவதை முன்னதாகவே ஓதிவிடும். கடைக்காரர் கேட்குமுன்பே பொட்டலம் கட்டினார். கணவன் மனைவி சண்டை தொடங்குமுன்பே தீர்ந்தது.

ஆனால் மீனலோசனி சொல்ல வந்தது நடுவர் கேட்டதற்கு நேர் எதிரானது. மூன்றாம் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமாறனுக்கும் அவளுக்கும் இருபது நாளில் கல்யாணம். அதற்குள் அவன் இதைக் கேட்டாக வேண்டும். எத்தனையோ முறை முயன்றாள். அவள் வாயெடுக்குமுன்பே அவன் முன்செவியில் வேறெதையோ கேட்டுச் சிரித்து, "சரி சரி" என்று போய்விட்டான்.

"ஐயா, நான் இன்னும் பேசவே இல்லைங்க."

அரங்கம் சிரித்தது. "அதான் கேட்டுட்டமே கண்ணு!" என்றாள் அம்மா, பெருமை தாங்காமல்.

"எல்லாரும் முன்செவியைக் கழட்டுங்க."

சிரிப்பு நின்றது. நடுச்சபையில் சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் முகங்கள் சிவந்தன. திருமாறன்தான் முதலில் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராக.

"இருநூறு வீட்டுல சோதிச்சேன். பேசப்போறதை முதல்லயே எழுதி உறையில போட்டு ஒட்டச் சொன்னேன். பிரிச்சுப் பார்த்தா பத்துக்கு நாலு தப்பு. அந்த மாதிரி நேரத்துல ஊர்ல முக்கால்வாசிப் பேர் என்ன சொல்லுவாங்களோ, அதைத்தான் இது ஓதுது. நம்ம மனசை இல்லை."

"தப்புன்னா, பேச வந்தவங்க திருத்தியிருப்பாங்களே?" என்றார் நடுவர்.

"ஒருத்தர்கூடத் திருத்தலைங்க. எதிர்ல இருக்கறவங்க சந்தோஷப்பட்டு முடிச்சாச்சு. அப்புறம் எப்படி மறுக்கறது? சங்கடம். பிடிக்காத வேலையில சேர்ந்தாங்க. வீட்டை வித்தாங்க." அவள் ஒரு பழைய உறையை எடுத்தாள். "இந்த ஆய்வு ஆரம்பிச்சதே இதுலதான். பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு, தைரியத்துக்காக நான் எழுதி வெச்சது. 'எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம்.'"

அம்மாவின் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. "சம்மதம்னு சொன்னியேடி!"

"நான் வாயே திறக்கலைம்மா. அதுக்குள்ள பூ வெச்சுட்டீங்க."

திருமாறன் எழுந்தான்.

"ஆறு மாசமா ஒண்ணாச் சுத்துனோமே மீனா. அதெல்லாம்?"

"அது பொய்யில்லைங்க. ஆனா என்னை யாரும் கேட்கலை."

"இப்போ நான் கேட்கறேன். அன்னைக்கு வேண்டாம். சரி. இப்போ?"

மீனலோசனி அவனைப் பார்த்தாள். புடவைக் கடை வாசலில் அவள் செருப்பு அறுந்தபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வெயிலில் நடந்தவன் இவன். மேற்படிப்புக்கு அவளை அழைத்திருந்த கடிதமும் கைப்பையில்தான் இருந்தது. எந்தப் பக்கமும் மனம் சாயவில்லை. அவள் யோசித்தாள். ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்றும்.

பதிலுக்குக் காத்திருந்து அங்கே யாருக்கும் பழக்கமில்லை. பின்வரிசையில் ஒரு கை முன்செவியோடு மெல்லக் காதுக்குப் போயிற்று. அதைப் பார்த்து இன்னொரு கை. கடைசியில் நடுவரின் கையும்.

கைதட்டல் வெடித்தது. யாரோ சீழ்க்கை அடித்தார்கள். "மகராசியா இரு கண்ணு!" என்று கண்ணைத் துடைத்தபடி அம்மா மேடையை நோக்கி ஓடிவந்தாள். திருமாறன் மட்டும் வெறுங்காதோடு நின்று அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.