பட்டியலில் இல்லாத கதவு

காலையில் எண்ணியபோது கணினியில் பதினான்கு கோப்புறைகள் இருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணினால் பதினைந்து.

தவறாக எண்ணியிருக்க வழியில்லை. நாள்காட்டியில் கிழித்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் திலகவதி ஒவ்வொரு கோப்புறையின் பெயரையும் எழுதி, அது எதற்கு என்பதையும் ஒரு வரியில் குறித்திருந்தாள். மொழியின் இலக்கணம் இருக்கும் இடம், எழுதியதைப் படித்துப் பிரிக்கும் இடம், நூலகம், சோதனைகள், ஆவணங்கள். கணினிக்கான ஒரு நிரல்மொழியில் எழுதுவது வேறு வேலை. அந்த மொழியே எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்று உள்ளே இறங்கிப் பார்ப்பது வேறு வேலை. கோப்புறைக்குள் கோப்புறையாகக் கிளைவிடுவதால் மரம் என்று அழைக்கப்படும் அந்த ஆறாயிரம் கோப்புகளில் எந்தக் கிளை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள அலுவலகம் அவளுக்கு இரண்டு வாரம் கொடுத்திருந்தது. இதற்கு முன் அந்த வேலையைப் பார்த்த வெற்றிச்செல்வன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான்.

பதினைந்தாவது கோப்புறையின் பெயர் தமிழில் இருந்தது. வீடு.

வெளியே ஐப்பசி மழை பெய்யலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை கண்ணை உறுத்தும் காரத்தோடு ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, ஈரத் துணி வாடையோடு கலந்து, மின்விசிறிக்குக் கீழே சுற்றிச் சுற்றி அங்கேயே கிடந்தது. அந்த மாடி வீட்டுக்கு ஒரே ஒரு கதவு. வெளிப்பக்கப் படி ஏறி வந்தால் கதவு, கதவுக்குப் பின் கூடம், அடுக்களை, படுக்கையறை. அவ்வளவுதான். கணவன் குணசேகரன் ஷார்ஜாவில் இருந்தான். ஆறு வயது காவ்யா நான்கு மணிக்குப் பள்ளி ஆட்டோவில் வருவாள். வாரத்தில் மூன்று நாள் கீரனூர் வழியாகப் பேருந்தில் திருச்சி போய்வரும் திலகவதிக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இந்த இரண்டு நாட்களில்தான் மகளைப் படியில் நின்று கூட்டிக்கொள்ள முடியும்.

அலுவலகத்தில் குழுத் தலைவரான ஆத்மநாதனை அழைத்தாள்.

"சார், மரத்துல புதுசா ஒரு ஃபோல்டர் இருக்கு. தமிழ்ல பேரு."

"என்ன பேரு?"

"வீடுன்னு இருக்கு."

சிரித்தார். "வீட்டுல உக்காந்து வேலை பாக்குறீங்கள்ல, அதான் வீடு வந்துருக்கு. வெற்றி ஏதாச்சும் வெளையாண்டு வச்சிருப்பான். தொடச்சு விட்ருங்க."

"பாத்துட்டுத் தொடைக்கவா?"

"அட, நீங்க என்ன நேத்து சேந்த ஆளா? தொடைங்க."

மரத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. எவையெல்லாம் மரத்தைச் சேர்ந்தவை என்று அதில் இருக்கும். துடைப்புக் கட்டளை கொடுத்தால் பட்டியலில் இல்லாத எல்லாம் அழியும். அழிந்தது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது, திரும்ப எடுக்க வழியே கிடையாது. அதனால் எதெது அழியப்போகிறது என்று முதலில் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைச் செய்வார்கள். ஆறு மாதம் ஆனவர்கள் நேராகத் துடைத்துவிடுவார்கள். திலகவதிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

துடைத்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

அழிக்கப்பட்டது: வீடு / கூடம் / வாசற்கதவு.

வீடு அப்படியே இருந்தது. வீடு பட்டியலில் இருந்தது. கதவுதான் இல்லை.

ஏதோ வித்தியாசமாகத் தோன்றியது. என்னவென்று உடனே தெரியவில்லை. சத்தம் குறைந்திருந்தது. கதவின் அடிச்சந்து வழியாக எப்போதும் வரும் தெருச் சத்தம், மூக்காயி அக்கா வீட்டுத் தொலைக்காட்சி, படியில் ஏறி இறங்கும் பூனையின் கழுத்து மணி எல்லாம் ஒரே அளவில் தள்ளிப் போய், காதில் தண்ணீர் புகுந்ததுபோல் மந்தமாகிவிட்டன. திரும்பிப் பார்த்தாள்.

கதவு இருந்த இடத்தில் சுவர்.

கதவை மறைத்து எழுப்பிய சுவர் இல்லை. எப்போதும் அங்கேயே இருந்த சுவர். அதே வெளிறிய பச்சைச் சுண்ணாம்பு, மேலே பல்லி ஒட்டியிருந்த பழைய கறை, இடது மூலையிலிருந்து வலது மூலைவரை விடாமல் ஓடிய ஒரு பழைய விரிசல். கதவருகில் அவள் கழற்றிவிட்ட செருப்புகள் சுவரைப் பார்த்தபடி கிடந்தன.

உள்ளங்கையால் தட்டினாள். கல்.

ஜன்னலுக்கு ஓடினாள். கீழே முற்றத்தில் வீட்டுக்காரி மூக்காயி, மழை வருமுன் கடலையைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! மூக்காயிக்கா! மேல வாங்க!"

மூக்காயி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். பார்வை ஜன்னலைத் தொட்டுக் கடந்தது. படியைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள்: "பூட்டிட்டு எங்கிட்டுப் போச்சு இந்தப் புள்ள? மக வார நேரத்துல."

வெளியிலிருந்து பார்த்தால் கதவும் இருந்தது. பூட்டும் இருந்தது.

மணி மூன்று ஐந்து. திலகவதி மேசைக்குத் திரும்பி, வீட்டுக் கோப்புறையைத் திறந்தாள். கூடத்தில் மேசை, மின்விசிறி, ஜன்னல், நாள்காட்டி. அதற்குக் கீழே திலகவதி. தன் பெயரைக் கண்டதும் விரல்கள் விசைகளிலிருந்து தாமாக எழுந்தன. படுக்கையறையில் கட்டில், பீரோ, தலையணை இரண்டு. அடுக்களையில் அடுப்பு. எல்லாம் பட்டியலில் இருந்தன. எல்லாம் வீட்டிலும் இருந்தன.

மரத்தில் மேலே ஏற இரண்டு புள்ளி வைத்தால் போதும். வைத்தாள். வீடு. மறுபடியும் வைத்தாள். வீடு. காலையில் தாளில் எழுதிய பதினான்கு கிளைகளும் இல்லை. இலக்கணம் இல்லை, நூலகம் இல்லை. உச்சி என்று ஒன்று இல்லை. எத்தனை முறை ஏறினாலும் அதே கூடம், அதே மேசை, அதே பெயர்.

மறுபடியும் ஆத்மநாதன்.

"சார், தொடச்சதுல கதவு போயிருச்சு."

மறுமுனையில் அலுவலகத்தின் சத்தம் இருந்தது. நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ டீ கேட்கும் சத்தம். ஏதோ ஒரு கதவு சாத்தப்பட, அந்தச் சத்தங்கள் நின்றன.

"சார்?"

"வெற்றியும் இதத்தாம்மா கேட்டான்." குரல் இறங்கியிருந்தது. "மணமேல்குடியில அவன் வீட்டுலேர்ந்து. கதவத் திரும்ப எப்படி எடுக்குறதுன்னு. கிண்டல் பண்றான்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் போன எடுக்கல. நோட்டீஸ் குடுக்காம போயிட்டான்னு எழுதிட்டோம்." மூச்சு விட்டார். "திலகா, நாலரைக்கு எல்லா மரத்தையும் சர்வரே தானா தொடைக்கும். தெரியும்ல? அத என்னால நிறுத்த முடியாது. லிஸ்ட்ல இல்லாதது எதுவும் உள்ள இருக்கக் கூடாது. எதுவும்..."

இணைப்பு அறுந்தது. பிறகு எந்த எண்ணுக்கும் மணி போகவில்லை.

கதவு இல்லையென்றால் கதவை எழுத வேண்டும். வாசற்கதவு என்ற பெயரில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கிப் பட்டியலிலும் சேர்த்தாள். உள்ளே என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டாள். அளவு: பூஜ்யம். முதுகுக்குப் பின்னால் காற்று லேசாக நகர்ந்தது.

சுவரில் கதவு வந்திருந்தது. அதே தேக்கு நிறம், அதே பித்தளைக் கைப்பிடி. நெருங்கினால் கைப்பிடியில் பளபளப்பு இல்லை. தாழ்ப்பாளுக்கு நிழல் இல்லை. பிடித்தாள். விரல்கள் மூடிக்கொண்டன, எதையும் பிடிக்காமல். தட்டினாள். சத்தம் வரவில்லை. கல்லின் சத்தம்கூட இல்லை. பெயர் மட்டும் உள்ள கதவு.

தரையில் உட்கார்ந்தாள். முந்திரிப் புகை இப்போது அறைக்குள் அசையாமல் நின்றது. மணி மூன்று ஐம்பது. நான்கு மணிக்குக் காவ்யா வருவாள். அவளுக்கு அந்தப் பக்கம் உண்மையான கதவு இருக்கிறது. வெளியே படியோரம் மாற்றுச் சாவி இருப்பதும் அவளுக்குத் தெரியும். படி ஏறுவாள். திறப்பாள். வீட்டுக்குள் வருவாள். வாசற்கதவே கூடத்துக்குள் எழுதப்பட்டதுதான்; அதில் கை வைத்தாலே உள்ளே வந்த கணக்கு. பட்டியலில் இல்லாத பிள்ளை. நாலரை மணி.

அது மட்டும்தான் மனதில் ஓடியது. பட்டியலில் இல்லாத பிள்ளை.

ஆட்டோ வரவில்லை. நான்கு பத்து. நான்கு பதினைந்து. தெருவில் ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்து "காவ்யா, மேல வராத!" என்று கத்திப் பார்த்தாள். தெரு அவளைக் கேட்கவில்லை. நான்கு பதினெட்டுக்கு மேசைக்கு ஓடினாள். வருவதைத் தடுக்க முடியாவிட்டால், வந்த பின் அழியாமலாவது இருக்கட்டும். கூடத்துக்குள் காவ்யா என்று ஒரு கோப்பை உருவாக்கினாள். பட்டியலில் சேர்த்தாள். யோசிக்கவில்லை. வெள்ளோட்டம் விடவில்லை.

"அம்மா."

கூடத்தின் நடுவில் காவ்யா நின்றிருந்தாள். சீருடை, சிவப்பு ரிப்பன், தோளில் பை.

"எப்படி வந்த? எப்படிடா தங்கம் உள்ள வந்த?"

"வந்துட்டேன்ல."

திலகவதி அழுதுகொண்டே அவளை வாரி எடுத்தாள். எடுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்தாள். தினமும் இடுப்பில் ஏற்றும்போது முதுகு ஒருமுறை முனகும். இன்று முனகவில்லை. பை, செருப்பு, பிள்ளை. எதற்கும் எடை இல்லை. கழுத்தில் கைகள் சுற்றிக்கொண்டன. அவை சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. தலையில் எண்ணெய் வாசனை இல்லை.

திரையைப் பார்த்தாள். காவ்யா. அளவு: பூஜ்யம்.

அப்போது கீழே ஆட்டோ வந்து நின்றது.

"பெரியம்மா! ஆட்டோ பஞ்சர் ஆயிருச்சு! நாங்க எல்லாரும் எறங்கித் தள்ளுனோம்!"

"நீ தள்ளுனியாக்கும். பெரிய பயில்வான்." மூக்காயியின் சிரிப்பு. "ஒங்கம்மா எங்கயோ போயிருக்கு. சாவி எடுத்துத் தொறந்து உள்ள உக்காரு. நான் டீ போட்டுக் கொண்டாரேன்."

ஜன்னலுக்கு ஓடினாள். இடுப்பில் இருந்தது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே காவ்யா. ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்க, முழங்காலில் சேறு. தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டே படியில் கால் வைத்தாள்.

"வராத! காவ்யா! வராத!"

"கீழ யாரும்மா?" என்றது காதருகில்.

நான்கு இருபத்தேழு. மேசை. படியில் வருபவளுக்காகக் காவ்யா என்று மறுபடியும் அடித்தாள். திரை பதில் சொன்னது. அந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது.

படியில் செருப்புச் சத்தம். எப்போதும்போல் எண்ணிக்கொண்டே ஏறினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

மறுபடியும் அடித்தாள். ஏற்கெனவே உள்ளது.

"ஏழு. எட்டு."

இடுப்பில் இருப்பதை அழித்தால், படியில் வருபவளுக்குப் பெயர் காலியாகும். அழிக்கும் கட்டளையை அடித்தாள். கடைசி விசை மட்டும் பாக்கி. கழுத்தைச் சுற்றிய கைகள் இறுகவில்லை. தடுக்கவில்லை. ரிப்பன் கட்டிய தலை அவள் தோளில் சாய்ந்தது. காவ்யா தூக்கம் வந்தால் சாய்வதுபோல். அதே பக்கம். அதே சாய்வு.

"என்னயவா அழிக்கிற?" என்றது, காவ்யாவின் குரலில்.

விரல் நின்றது. ஒரு மூச்சு நேரம்.

"பதினொண்ணு. பன்னெண்டு." சாவி பூட்டில் நுழையும் சத்தம், சுவருக்குள்ளிருந்து கேட்டது. "அம்மா, நீ உள்ளதான இருக்க? ஒன் தல எண்ணெ வாசன வருது."

விசையை அழுத்தினாள். திரை உறைந்திருந்தது, கட்டளையை ஏற்கவில்லை. மூலையில் மணி மாறியிருந்தது. நான்கு முப்பது.

‘அழிக்கப்பட்டது’ என்று தொடங்கும் ஒரே ஒரு வரி வந்தது. மீதியை அவள் படிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவிச் சத்தம் பாதித் திருப்பத்தில் நின்றுபோயிருந்தது. படியில் யாரும் இல்லை. ஏறும் சத்தமும் இல்லை, இறங்கும் சத்தமும் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் ஒவ்வொரு படியாகத் தட்டி உருண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு முறை தட்டியது. நின்றது.

மூக்காயி டீ டம்ளரோடு முற்றத்தில் வந்து, பாட்டிலைக் குனிந்து எடுத்து, யாருடையது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, பசிக்குது" என்றது இடுப்பில் எடையில்லாமல் உட்கார்ந்திருந்தது.