காத்து

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்த நேரத்தில் அந்த வெள்ளை மின்சாரக் கார் சரிவுப் பாதையில் இறங்கி வந்தது. வந்தது யார் காதிலும் விழவில்லை. பெட்ரோல் வண்டி என்றால் தெருமுனையிலேயே இருமிக்கொண்டு வரும். இது பூனை மாதிரி வந்து நின்றது.

சர்வீஸ் சென்டர் கார் ஷோரூம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. பகலிலும் ட்யூப்லைட் எரியும். ரப்பர் வாடையும் ஈரச் சிமென்ட் வாடையும் எந்நேரமும் மூக்கிலேயே நிற்கும். தலைமை மெக்கானிக்குக்கு, கூட வேலை செய்பவர்கள் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருக்கி வைத்த பட்டப்பெயர் 'ஸ்டெத்'. வண்டியை ஒரு சுற்று ஓட்டி, காதைக் கொடுத்துக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. தன் காதுக்குக் கேட்காத கோளாறு வண்டியில் கிடையாது என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

காரை ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இந்த வண்டியை இங்கேதான் வாங்கினார். வாங்கிய சில வாரங்களில் தூக்கிப் போடுகிறது என்று ஒருமுறை வந்திருந்தார். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன கணவர் அன்று பின்சீட்டில் படுத்திருந்தார். இன்று அந்த சீட்டு காலி.

"சார் வரலையா மேடம்?"

"அவர் போய்ட்டார் தம்பி. போன மாசம்."

ஸ்டெத் காலிச் சீட்டிலிருந்து பார்வையை எடுத்தான். டீச்சரே பேசினார்.

"வண்டிய வித்துடப் போறேன். வாங்குறவங்க சிரமப்படக் கூடாது, அதான் ஒரு தடவ பாத்துடுங்க. பள்ளத்துல எறங்கினா கட்டையால அடிச்ச மாதிரி இருக்கு. குறை வண்டியில இல்லன்னு எனக்குத் தெரியும். ஓட்டுறவங்க கை பழகணும்னு நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே."

"சொன்னேனா?"

"அவரும் கேட்டுட்டுதான் படுத்திருந்தார். எவ்வளவு மெதுவா ஓட்டினாலும் முனகுவார். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள பாதி உயிர் போய்டும். என் கைதான் சரியில்ல. இனிமே ஸ்டியரிங்கையே தொடக் கூடாதுன்னு இருக்கேன்."

சாவியை அவன் கையில் வைத்துவிட்டு டீச்சர் மாடியில் இருந்த காத்திருப்பு அறைக்குப் போனார். அழவில்லை. அழுதிருந்தால் ஸ்டெத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடித்தளத்துக்குக் கீழே இன்னொரு தளம் உண்டு. வண்டிகள் நிறுத்துகிற இடம். விளக்கு பாதிதான் எரியும், ஆனால் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. வண்டியைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்டெத் தனியாகவே எடுத்துக்கொண்டு இறங்கினான்.

எஞ்சின் சத்தம் என்ற போர்வை இல்லாத வண்டியில் எல்லாம் கேட்கும். சட்டை சீட்டில் உரசுவது கேட்கும். தன் மூச்சே கேட்கும். முதல் வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. அடி நேராக இடுப்பில் விழுந்தது.

கூடவே இன்னொன்றும் கேட்டது.

"ம்ம்..."

தேய்ந்துபோன ரப்பர் புஷ் கிறீச்சிடுகிறது என்று நினைத்தான். அடுத்த மேட்டில் இன்னும் மெதுவாக ஏறினான்.

"ம்ம்ம்..."

ரப்பருக்குத் தொண்டை கிடையாது. அந்தச் சத்தம் தொண்டையிலிருந்து வந்தது.

மேலே கொண்டுவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான். புஷ், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான், திருகிப் பார்த்தான். எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி புத்தம் புதிதாக இருந்தன. அங்கே மின்வேலை பார்க்கும் வயர்மேன் பல்குச்சியோடு வேடிக்கை பார்த்தான்.

"என்னண்ணே, ஸ்டெத்துக்கே காது அடைச்சிடுச்சா?"

"பின்னாடி ஒரு சத்தம் வருதுடா. பிடிபட மாட்டேங்குது."

"காத்து கருப்பு ஏதாவது ஏறியிருக்கும். வேப்பிலை அடிச்சுடலாமா?"

"வாய மூடிட்டு வந்து வண்டிய ஓட்டு. நான் பின்னாடி படுத்துக் கேக்குறேன்."

மறுபடி கீழ்த்தளம். ஸ்டெத் பின்சீட்டில் மல்லாந்து படுத்தான். சீட்டில் வலிக்குத் தடவுகிற தைலத்தின் வாடை. கதவுக்கு மேலே இருந்த கைப்பிடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. ஒவ்வொரு மேட்டுக்கும் யாரோ உயிரைக் கொடுத்துப் பிடித்திருக்கிறார்கள். அவனும் பிடித்தான்.

கைப்பிடி ஈரமாக இருந்தது.

வியர்வை ஈரம். இளஞ்சூடாக.

கையை உதறி எடுப்பதற்குள் கார் வேகத்தடையில் ஏறியது. முதுகுத்தண்டு நெடுக ஈட்டி பாய்ந்தது போல ஒரு வலி. ஸ்டெத் வாழ்நாளில் அப்படி ஒரு வலியை அறிந்ததில்லை. அவன் முனகினான்.

அவனோடு சேர்ந்து இன்னொருவரும் முனகினார்.

பிறகு காதுக்குள், உதடு படுகிற நெருக்கத்தில், ஒரே ஒரு சொல்.

"காத்து."

"என்னடா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலையேண்ணே."

"காத்து கருப்புன்னு மறுபடியும்..."

"இல்லண்ணே. சத்தியமா நான் வாயே திறக்கல."

"காத்து..." என்றது அந்தக் குரல். களைத்துப்போன, ஆனால் பொறுமையான குரல்.

குரல் சொன்னது டயரில் இருக்கிற காற்றை என்று ஸ்டெத்துக்கு உறைத்தது. "நிறுத்து" என்றான். இறங்கி டயர் அருகே மண்டியிட்டு, காற்று அளக்கும் கருவியை மாட்டினான். முள் எகிறிப் போய் நின்றது. இருக்க வேண்டிய அளவைவிட எங்கேயோ மேலே. நான்கு டயரிலும் அதே கதைதான்.

தொழிற்சாலையிலிருந்து லாரியில் வருகிற புது வண்டிக்கு டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்து அனுப்புவார்கள். நாள்கணக்கில் நின்றாலும் டயர் அமுங்கிப் போகாமல் இருப்பதற்காக. வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன் அதை இறக்க வேண்டும். இந்த வண்டிக்கு அதை இறக்க வேண்டியவன் ஸ்டெத். அன்று சாவி கொடுக்கிற போட்டோவுக்குத் தலை சீவப் போய்விட்டான். காற்று குறைந்தால் மட்டும்தான் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கூடினால் வண்டி வாயைத் திறக்காது. அதற்குச் சத்தமே இல்லை. காதை மட்டும் நம்பிய மடையன் கருவியை எடுக்காமலே அந்த அம்மாவின் கையைக் குற்றம் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அவனுக்குத் தன் முகத்தையே பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது.

வால்வை அழுத்தினான். புஸ்ஸென்று காற்று இறங்கியது. அந்தச் சீறலுக்கு நடுவே, காலியான பின்சீட்டிலிருந்து, நீளமான ஒரு பெருமூச்சும் இறங்கியது.

மேலே வந்தபோது டீச்சர் படியிறங்கி நின்றிருந்தார்.

"என்ன தம்பி, ஏதாவது தெரிஞ்சுதா?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. வேலை போகும், பேர் போகும், வயர்மேன் பக்கத்திலேயே நிற்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தான் ஸ்டெத்.

"ஒரு ரப்பர் தேஞ்சிருந்தது மேடம். மாத்திட்டேன்."

"அவர் இருந்தப்பவே தேஞ்சிருந்ததா?"

"இல்ல மேடம். அப்ப வண்டி நல்லாத்தான் இருந்தது."

"ம்ம்ம்..."

நின்றிருந்த வண்டிக்குள்ளிருந்து வந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

டீச்சரின் தலை வண்டிப் பக்கம் திரும்பியது. பிறகு மெல்ல ஸ்டெத்தின் பக்கம்.

"உங்களுக்கும் கேக்குதா?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. தலையாட்டினான்.

"என் மனசுதான் உறுத்துதுன்னு நெனச்சேன்" என்றார் டீச்சர்.

"ரப்பர் இல்ல மேடம். காத்து. டயர்ல காத்து அதிகமா இருந்தது. முதல் நாளே நான் எறக்கியிருக்கணும். எறக்கல. நீங்க வந்து கேட்டப்பவும் பாக்கல."

"அப்ப என் கை இல்லையா?"

"இல்ல. உங்க கை எந்தத் தப்பும் பண்ணல."

டீச்சர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டார்.

"அவர்கிட்டயும் சொல்லிடுங்க தம்பி. கடைசி வரைக்கும் உன் மேல தப்பில்லன்னு எனக்குச் சொல்லிட்டே இருந்தார். நான்தான் நம்பல."

வயர்மேன் வேறு பக்கம் பார்த்தான். ஸ்டெத் கூனிக் குறுகி, காலியான சீட்டை நோக்கிக் குனிந்தான். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"சார், தப்பு என்னோடது. பழிய அவங்க மேல போட்டேன்."

தைல வாடை மட்டும் இருந்தது. மன்னித்தேன் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் பின்கதவைச் சாத்தினார், முன்னால் ஏறி உட்கார்ந்தார், ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஸ்டெத் அவருக்குப் பக்கத்து சீட்டின் ஜன்னலோரம் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றான்.

சரசரவென்று எதுவோ இழுபடும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தான். யாரும் இல்லாத அந்த முன்சீட்டின் குறுக்கே சீட் பெல்ட் தானாக நீண்டு, ஒரு மனிதனின் மார்பு அளவுக்கு முன்னால் வளைந்து, இறங்கி வந்து, க்ளிக்கென்று மாட்டிக்கொண்டது.

டீச்சரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.