திரும்பி வந்த தூக்குவாளி

மருத்துவமனைச் சமையற்கூடத்தில் இருபத்திரண்டு வருட மேற்பார்வை. சமையற்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூக்கம்மா. பால் திரிவதற்கு அரை மணி நேரம் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவள் விமானம் ஏறிக் கடல் தாண்டி, தங்கை வீட்டு வாசலில் பெட்டியை இறக்கியதும் முகத்தைச் சுளித்தாள்.

ஈரத்துணி. அழுகிய பழம். அதற்கும் அடியில், பல் துலக்காத வாய்.

"என்னடி நாத்தம் இது?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?" என்று தங்கை சிரித்தாள். ஆறாவது மாத வயிறு. ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போன வயிறு. இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்றுதான் அக்கா விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

வீடு ஊர்க்கோடியில் இருந்தது. கொல்லையில் கம்பிவேலி, அதற்கு அப்பால் காடு. மர அறுவை ஆலையில் வேலை பார்க்கும் தங்கை கணவன், மறுநாள் காலையே அவளை வேலியோரம் கூட்டிப்போனான். மான், காட்டுப்பன்றி, குரங்கு எல்லாம் காட்டுகிறேன் என்று வாய் நிறையச் சொல்லியிருந்தான். ஒரு மணி நேரம் நடந்தார்கள். ஒரு காக்கை குருவிகூடக் கத்தவில்லை.

"முன்னெல்லாம் வேலி வரைக்கும் வரும்க்கா. இப்ப ஏன்னு தெரியல" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

அந்த வாரக் கடைசியில் தெருவின் ஆண்டு விழா. தெரு நெடுக மேசை போட்டு, ஆளாளுக்குச் சமைத்ததைப் பரப்பியிருந்தார்கள். பாட்டு, பலூன், பிள்ளைகளின் கூச்சல். மூக்கம்மா ஒவ்வொரு பாத்திரத்தையும் மோந்து பார்த்து, பெருந்தன்மையாக நாலைந்துக்கு அனுமதி கொடுத்தாள். தங்கை ஒரு வாய் தின்றாள், ஓரமாய்ப் போய் வாந்தியெடுத்தாள், வீட்டுக்குள் போய்விட்டாள்.

அக்கா பின்னாலேயே போனாள். உச்சிவெயில் கொல்லைப்படியில் அடித்தது. தங்கை அங்கே உட்கார்ந்து, அம்மா பெயர் பொறித்த தூக்குவாளியிலிருந்து கரண்டியால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

வாடை அதிலிருந்துதான் வந்தது.

"யார் குடுத்தா?"

"வேலிக்கு அந்தப் பக்கத்து அம்மா. மிருகங்களுக்குன்னு மீந்த சோத்த இதுல போட்டு வேலியில மாட்டி வச்சேன். மறுநாள் பார்த்தா, உள்ள பழம் வச்சுத் திருப்பி மாட்டியிருக்காங்க. அப்புறம் வெறும் பாத்திரத்த நான் எப்படித் திருப்பித் தர்றது? மாத்தி மாத்திப் போய்ட்டிருக்கு."

"அந்தம்மாவப் பார்த்திருக்கியா?"

"இல்ல. ஆனா இது மட்டும்தான்க்கா வயித்துல நிக்குது. இது இல்லன்னா இந்தப் பிள்ளையும் இல்ல."

அக்கா கரண்டியைப் பிடுங்கிக் கிளறினாள். மெல்ல முடியாத நோயாளிகளுக்காகத் தினமும் சோற்றையும் காயையும் கூழாக்கித் தருபவள் அவள். இயந்திரம் அரைத்தால் ஒரே சீராக இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு துண்டு நசுங்கியிருந்தது, ஒன்று பாதி கிழிந்திருந்தது. கரண்டியைத் தூக்கியபோது கோழை நூலாக நீண்டது.

இது அரைத்தது இல்லை. மென்றது.

அடியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். பல். மனிதப் பல்லின் வடிவம்தான்.

ஆனால் அவள் கட்டைவிரல் பருமன்.

விழாவில் தின்றதையெல்லாம் அங்கேயே கக்கினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கை கணவன் விஷயத்தைக் கேட்டதும் வெளுத்துப்போனான்.

"அந்தப் பக்கம் வீடே கிடையாதுக்கா" என்றான் மெதுவாக.

பிரசவத்துக்குப் பிறந்த வீடு என்று சொல்லி, விழா முடிந்த நான்காம் நாளே அக்கா தங்கையைக் கிளப்பினாள். அதோடு ஒட்டுறவே வேண்டாமென்று தூக்குவாளியையும் விட்டுவிடத் துணிந்தாள். மூன்று தரம் கொதிநீர் ஊற்றிக் கழுவி வேலியில் மாட்டினாள். வெறுமனே மாட்டியிருந்தால் போதும். வளர்ந்த வளர்ப்பு, கை கேட்கவில்லை. ஒரு பிடி சர்க்கரையைப் போட்டு மூடிவிட்டாள்.

ஊருக்கு வந்து ஒன்பது நாள், தங்கை குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. பிள்ளையின் அசைவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் கடிந்துகொண்டார். அக்கா கும்பிடாத சாமியில்லை.

பத்தாம் நாள் மதியம் வேலை முடிந்து திரும்பியவள், கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

ஈரத்துணி. அழுகிய பழம்.

தங்கை கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்த ஓட்டம். வயிற்றில் பிள்ளை துள்ளுவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. மடியில் அம்மா பெயர் பொறித்த தூக்குவாளி, ஆவி பறக்க.

"கீழ வை" என்றாள் அக்கா.

"இந்தத் தடவ இனிப்பா இருக்குக்கா."

தூக்குவாளிக்குள் நடுவே ஒரு இலையைத் தடுப்பாக வைத்து, இரண்டு பங்காகப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் காலி. மறுபக்கம் தொடாமல் இருந்தது.

"அது உனக்காம்" என்றாள் தங்கை.

மூக்கம்மா இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவள் வாயில் எச்சில் ஊறியது.