அறுவடை ஷெட்டுக்குள் ஓர் ஏர்பஸ்

"ஹண்ட்ரட்..."

பூமிகா சட்டென்று ஸ்கூட்டரின் பிரேக்கைப் பிடித்தாள். பூதலூரிலிருந்து ஊருக்குப் போகும் வாய்க்கால் சாலை. மழை முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அறுவடைக்குக் காத்துக் கிடக்கும் குறுவை நெல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் அந்தத் தகர ஷெட்டுக்குள்ளிருந்து...

"ஃபிஃப்டி... ஃபார்ட்டி... தர்ட்டி..."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏர்பஸ் விமானம் தரையை நெருங்கும்போது இன்னும் எத்தனை அடி உயரம் என்று விமானிக்குச் சொல்லும் குரல் அது. நாலு நாளாகத் தூக்கத்தில்கூட அவளை விடாமல் துரத்தும் குரல். சேற்றுக்கும் வரப்புக்கும் நடுவில் அது எப்படி வந்தது? எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா...?

வண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். முன்னால் யானைபோல் ஒரு நெல் அறுவடை மிஷின் நின்றது. அதன் பின்னால் மூன்று கம்ப்யூட்டர் திரைகள், பழைய மிஷின் சீட் ஒன்று, அதில் ஒருவனின் அகன்ற முதுகு. திரையில் ரன்வே விளக்குகள் வேகவேகமாக நெருங்கிக்கொண்டிருந்தன.

"ஸ்பீடு ஜாஸ்தி! இப்ப மூக்கைத் தூக்காதீங்க!"

அவளையும் அறியாமல் கத்திவிட்டாள். அவன் துள்ளி விழுந்தான். விமானம் ஒருமுறை எகிறிக் குதித்து, ரன்வேயை விட்டு ஓடி, புல்லுக்குள் போய் நின்றது.

"ஏங்க... யாருங்க நீங்க? நூத்தியெம்பது பேரைக் கொண்டுபோய் வயல்ல இறக்கிட்டீங்களே!"

"நானா இறக்கினேன்? ஓட்டினது நீங்க!"

"காதுக்குள்ள வந்து கத்தினது நீங்க!"

திரும்பி முறைத்தான். கருகருவென்று பெரிய கண்கள். கோபம் இருந்தது, கோபத்துக்குப் பின்னால் ஒரு சிரிப்பும் பதுங்கியிருந்தது. அவள் நெற்றியிலிருந்து சொட்டிய மழைத் துளியை அந்தக் கண்கள் ஒரு கணம் பின்தொடர்ந்து போய், சட்டென்று வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தன. பூமிகாவின் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. குளிராக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நீங்க... கடைத்தெரு ஃபிளெக்ஸ்ல இருக்கிற பைலட் மேடம்தானே?"

போச்சு! அவள் அப்பா கலியபெருமாள் செய்த காரியம் அது. 'எங்கள் ஊரின் முதல் விமானி' என்று பூதலூர் கடைத்தெருவில் இருபதடிக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். அதில் அவள் தலைக்கு மேலே குண்டு போடும் போர் விமானம் ஒன்று பறக்கிறது. பிரிண்ட் போட்டவருக்குக் கிடைத்த படம் அதுதானாம்.

"என் பேரு வளவன்ங்க. இந்த மிஷின் நம்மளதுதான். சக்கரத்துக்குப் பதிலா செயின்ல ஓடுற வண்டியே ஆனாலும் இவ்வளவு தண்ணியில வயல்ல இறங்காது. மழை பெய்ஞ்சா எனக்கு இதுதான் வேலை." ஒரு துண்டை எடுத்து நீட்டினான். "தலையைத் துவட்டிக்குங்க மேடம்."

துவட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவளுக்கு அடுத்த அதிர்ச்சி. காக்பிட்டில் தலைக்கு மேலே இருக்கும் சின்னச் சின்ன சுவிட்சுகள்கூட அப்படியே இருந்தன. ஒன்றை அழுத்திப் பார்த்தாள். நிஜத்தில் என்ன நடக்குமோ அது நடந்தது.

"வீட்டு கேம்ல இதெல்லாம் வேலை செய்யாதே...?"

"கேமோட வர்ற விமானத்துல செய்யாதுங்க. இது தனியா வாங்கிச் சேர்த்தது. ஆட்-ஆன்." அவன் முகம் மலர்ந்தது. "முதல்ல நானும் ஏமாந்தேன். இருநூறு விமானம், ஒரே பேக்குன்னு போட்டிருந்தான். ஆசையா வாங்கினா, இருநூறுக்கும் ஒரே காக்பிட்! வெளியில பெயின்ட் மட்டும் வேற வேற."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளில் முதல் சிரிப்பு.

"அப்புறம்?"

"அப்புறம் புத்தி வந்துச்சு. நிஜமா ஓட்டுறவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யுதா, ஒண்ணு கெட்டா அதைத் தொட்டு அடுத்தது கெடுதா, வலது சீட்ல உக்காந்து ஓட்ட முடியுதா... இதைத்தான் பாத்தேன். ஒரே ஒரு விமானம் வாங்கினேன். அப்புறம் நிஜ வானிலை. மாசா மாசம் புதுசாகிற வான்வழி விவரம். காலுக்குப் பெடல். அவ்வளவுதான்."

"அழகழகா ஏர்போர்ட் எல்லாம் விக்கிறாங்களே... அதை வாங்கலையா?"

"மேகத்துக்குள்ள போயிட்டா ஏர்போர்ட் எங்கங்க தெரியுது? கண்ணுக்கு அழகா இருக்கிறதை எல்லாம் வாங்க முடியுமா?" என்றவன் அவளைப் பார்த்தான். பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டு பேருக்கும் காது சிவந்தது. அசட்டுத்தனத்தை மறைக்க அவன் அவசரமாக ஒரு பட்டனைத் தட்டினான். "இதுல ரொம்ப உசத்தியானது என்னன்னா... கிளம்பின உடனே ஒரு இஞ்சின் செத்துப்போகும். பாருங்க!"

அபாய மணி அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பூமிகா ஓரடி பின்வாங்கினாள்.

"கெட்டது எதுன்னு பாத்து அதை மட்டும் அணைக்கணும். நல்ல இஞ்சினைப் போய் அணைச்சா கதை முடிஞ்சுது. அப்படி ஒரு முட்டாள் இருப்பானா சொல்லுங்க...!"

"வாயை மூடுங்க!"

அவன் திகைத்துப் போனான்.

"நெல்லு அறுக்கிற ஆளுக்கு விமானத்தைப் பத்தி என்ன தெரியும்? பொம்மையை வச்சு விளையாடுறதோட நிறுத்திக்குங்க!"

துண்டை வீசிவிட்டு மழைக்குள் ஓடினாள்.

அந்த முட்டாள் அவள்தான்.

நாலு நாளைக்கு முன்னால், பயிற்சி மையத்தின் சிமுலேட்டரில் அவளுக்கு இறுதித் தேர்வு. கிளம்பியதும் இடது இஞ்சின் செத்தது. அணைக்க வேண்டிய சுவிட்சின் மேல் கையை வைத்து, அது எது என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்து விமானி சரி என்ற பிறகுதான் அணைக்க வேண்டும். அவள் சொன்னாள், காத்திருக்கவில்லை. பதற்றத்தில் கை வலது சுவிட்சை அணைத்துவிட்டது. இன்னும் பத்தே நாளில் மறுதேர்வு. அதிலும் தவறினால் விமானி வேலை அவ்வளவுதான். வீட்டில் 'லீவு' என்று சொல்லியிருந்தாள். ஃபிளெக்ஸ் வைத்த அப்பாவிடம் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது?

மறுநாள் காலையிலும் மழை. இரவெல்லாம் அவள் சொன்ன வார்த்தை அவளையே குத்தியது. நெல் அறுக்கிற ஆளாம்! அப்பா யார்? நெல் விதைக்கிற ஆள்தானே? வெட்கம் பிடுங்கித் தின்ன, ஷெட் வாசலில் போய் நின்றாள்.

வளவன் மிஷினின் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். இரண்டு விரல்கள் இல்லை.

"ஐயோ...!"

"பயந்துட்டீங்களா?" மெல்ல முன்னால் நீட்டினான். "மூணு வருஷம் ஆச்சு. கத்தியில வைக்கோல் சிக்கிக்கிச்சு. மேல இருக்கிறவர் மிஷினை நிறுத்திட்டு 'சரி'ன்னு கத்தணும். அப்புறம்தான் கீழ இருக்கிறவன் கையை விடணும். அதுதான் எங்க தொழில்ல முறை. மழை வருதேன்னு எனக்கு அவசரம். அவர் சொல்றதுக்கு முந்தியே கையை விட்டுட்டேன். இடது சீட்ல உக்காந்தா இடது கையாலதான் விமானத்தைத் திருப்பணும்... அதனாலதான் இந்தக் கம்ப்யூட்டர் விமானத்துல எனக்கு வலது சீட்டு."

பூமிகாவின் கண்களில் நீர் நிறைந்துவிட்டது. அவள் செய்ததும் அதே தவறு. அவளுக்குப் போனது ஒரு தேர்வு மட்டும்.

"நேத்து நீங்க சொன்ன முட்டாள்... நான்தாங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவள் அழுது முடிக்கும் வரை அவன் காத்திருந்தான். பிறகு அந்த மிஷின் சீட்டைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் தனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க. நான் 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் நீங்க எதையும் அணைக்கக் கூடாது."

எட்டு நாள் மழை. எட்டு நாளும் வளவன் அவளுக்கு இஞ்சினைக் கெடுத்துக்கொண்டே இருந்தான். திருச்சியில் கிளம்பும்போது ஒன்று. சென்னையில் இறங்கும்போது ஒன்று. அவள் பேச்சு சுவாரசியத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே இன்னொன்று.

"இப்ப எதுக்குக் கெடுத்தீங்க? டீ குடிச்சிட்டிருக்கேன்ல!"

"இஞ்சினுக்கு அது தெரியுமாங்க?"

அவள் சுவிட்சின் மேல் விரலை வைத்து எது என்று சொல்வாள். அவன் வேண்டுமென்றே தாமதிப்பான். அந்த மூன்று வினாடி மௌனத்தில் தகரத்தின் மேல் மழை கேட்கும். அவன் மூச்சு கேட்கும். முதல் நாள் அந்த மௌனம் அவளுக்குப் பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் அது முடியாமல் நீளக்கூடாதா என்றிருந்தது. ஐயோ... எனக்கு என்ன ஆச்சு? பாடம் படிக்க வந்தேனா, இந்தக் கண்களைப் பார்க்க வந்தேனா...?

ஒன்பதாம் நாள் வானம் வெளுத்தது.

"சாயங்காலம் ரயில். ஸ்டேஷனுக்கு வருவீங்களா?"

"எதுக்குங்க? பைலட்டை வழியனுப்ப மிஷின்காரன் வந்து நின்னா ஊரு சிரிக்கும்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நல்லபடியா போயிட்டு வாங்க. இனிமே இந்த ஷெட்டு உங்களுக்கு வேண்டாம்."

யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இத்தனை நாள் நீங்கள் வைத்திருந்தது அன்பா, இரக்கமா? கேட்க வாய் வரவில்லை. கௌரவம் தடுத்தது. விறுவிறுவென்று வந்துவிட்டாள்.

மறுதேர்வில் வலது இஞ்சின் செத்தது. சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். எது என்று சொன்னாள். காத்திருந்தாள். ஒரு வினாடி... இரண்டு... மூன்று... பக்கத்திலிருந்து பதில் வந்த பிறகே அணைத்தாள்.

பாஸ்!

அப்பாவுக்குப் போன் செய்து முதல் தோல்வியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். "ஏம்மா... தோத்துட்டேன்னு சொன்னா அப்பா உன்னை விட்டுடுவேனா?" என்றபோது அவர் குரல் உடைந்திருந்தது. வளவனுக்கு ஏழு முறை போன் செய்தாள். எடுக்கவே இல்லை.

பூதலூரில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. மிஷின் சத்தம் எந்த வயலில் கேட்கிறதோ அங்கே ஓடினாள். உச்சி வெயிலில் மிஷின் கதிரை விழுங்கிக்கொண்டு போனது. மேலே வளவன். வரப்பில் பையைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

"வளவன்! நான் பாஸ் பண்ணிட்டேன்!"

அவன் காதைத் தொட்டுக் காட்டினான். கேட்கவில்லையாம்.

"ஏன் போனை எடுக்கலை? உங்களுக்கு என்ன அவ்வளவு கர்வம்?"

மறுபடி காதைத் தொட்டான். அவளுக்கு ஆத்திரம், அழுகை, ஆசை மூன்றும் ஒன்றாகப் பொங்கின. இத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது? அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு! உங்களைத்தான் கட்டிக்குவேன்!"

சரியாகக் கடைசி வார்த்தைக்கு முன்னால் அவன் மிஷினை அணைத்துவிட்டான்.

வயல் முழுக்க நிசப்தம். 'கட்டிக்குவேன்' மட்டும் நடு வயலில் தனியாக நின்றது. நெல் மூட்டை பிடித்தவர்கள் அப்படியே சிலையானார்கள். டிராக்டர் நிழலிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவள் அப்பா! அப்போதுதான் அவளுக்கு உறைத்தது... இது அவள் வீட்டு வயல்.

வளவன் சேற்றில் இறங்கினான். முகம் வெளிறிப் போயிருந்தது. கலியபெருமாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு அவளை மட்டும் பார்த்தான்.

"எனக்கு... முதல் நாளே பிடிச்சிடுச்சுங்க. போனை எடுத்தா அழுதுடுவேன்னுதான் எடுக்கலை." தொண்டையைச் செருமினான். "மழை நின்னா நீங்க ஷெட்டுக்கு வர மாட்டீங்களே... அதனால எட்டு நாளும் மழை நிக்கக் கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்."

பூமிகாவுக்கு மூச்சே நின்றுபோனது. அறுவடை மிஷின் வைத்திருப்பவன், அறுவடை நேரத்தில்... மழை வேண்டுமென்று வேண்டிக்கொண்டானா! எனக்காகவா...?

"அடப்பாவி!" கலியபெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு மா நிலத்துப் பயிரு தண்ணியில சாஞ்சு கிடக்கே... அது உன் வேண்டுதலாலதானா?"

அவர் சாய்ந்த பயிரைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்னடா முழிக்கிற? மிச்சப் பயிரையாவது ஒழுங்கா அறுத்துக் குடு. அதுக்கப்புறம்..." அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அதுக்கப்புறம் உங்க வீட்டுப் பெரியவங்களை அழைச்சிட்டு வா!"