நாலு குத்துக்கு நடுவில்

"மூட்டையைப் பிரிக்காதீங்க! சொல்றேன்ல... பிரிக்காதீங்க!"

வரப்பில் மூச்சிரைக்க ஓடி வந்தவளை அவன் ஏற இறங்கப் பார்த்தான். அவன் தோளில் யூரியா மூட்டை, கண்ணில் கோபம். ஆனால் அந்தக் கண்கள்... சே, இப்போதா அதையெல்லாம் பார்ப்பது?

"இது எங்கம்மா வயல்ங்க. நீங்க யாரு?"

"உரப் பரிசோதனை நிலையத்துல இருந்து..."

"ஓஹோ! உருண்டை டீச்சர்!"

அவள் முகம் சிவந்தது. ஊரே வைத்த பெயர்தான். யூரியாவைத் தூவாமல் உருண்டையாக்கி, நட்ட நெல் நாற்றில் நாலு குத்துக்கு நடுவே ஒன்றாக, விரல் ஆழத்தில் சேற்றுக்குள் புதைக்கச் சொன்னவள் அவள். மேலே தூவினால் தழைச்சத்தில் பெரும்பங்கு தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும், புதைத்தால் வேருக்குக் கிடைக்கும் என்று வீடு வீடாகத் தொண்டை வறளச் சொன்னாள். நம்பி வயலைக் கொடுத்தது ஒரே ஒருத்தி, இவனுடைய அம்மா.

"பக்கத்து வயலைப் பாருங்க, கரும்பச்சை. எங்களுது மஞ்சக்காமாலை வந்த மாதிரி கிடக்கு! ஊரே எங்கம்மாவைப் பார்த்துச் சிரிக்குது. பம்ப் ரிப்பேர் கடையைப் பூட்டிட்டு ஓடி வந்திருக்கேன்."

"தூவின உரம் உடனே பச்சை காட்டும், சீக்கிரமே வெளுத்துடும். இதுல வேர் போய்ச் சேரணும்ங்க. இப்ப நீங்க மேல தூவிட்டா, எந்த உரத்துல விளைஞ்சதுன்னே தெரியாது. என் ஒரு வருஷ உழைப்பு... மூணே நாள் குடுங்க."

"மூணு நாள்ல பச்சையாகலேன்னா?"

"நானே தூவுறேன்!"

வீராப்பாகச் சொல்லிவிட்டாள். போகும் வழியெல்லாம் அந்த மஞ்சள் பயிரையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் மஞ்சள். "என்ன டீச்சர், பயிர் இன்னும் தூங்குதா?" என்று வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். இரண்டாம் நாள் மழை. அப்போதும் மஞ்சள்தான். அவன் மூட்டையை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை உருவி அவள் தலைக்கு மேல் பிடித்தான். யூரியா நனைந்தது. இமையில் வழிவது மழையா, அழுகையா... அவளுக்கே தெரியவில்லை. அன்று அவன் கேலி செய்யவே இல்லை.

மூன்றாம் நாள் வந்தவள் அப்படியே நின்றாள். பச்சை! இளம்பச்சைதான், ஆனாலும் பச்சை!

வரிசையை எண்ணிக்கொண்டே போனவளுக்கு நெஞ்சு திக்கென்றது. ஐந்தாம் வரிசையில் ஒரு குத்து சாய்ந்திருந்தது. தொட்டதும் கையோடு வந்தது.

"யாரு இதுல கை வெச்சது? உரம் போட்டீங்களா? சொல்லுங்க!"

அவன் தலை குனிந்தான். "சத்தியமா உரம் போடலைங்க. நேத்து நீங்க அழுதுட்டே போனீங்க... மனசு கேக்கல. வேர் சேர்ந்துச்சான்னு ஒண்ணே ஒண்ணு பிடுங்கிப் பார்த்துட்டு, திரும்ப ஊனி வெச்சேன்."

"சேர்ந்திருந்துச்சா?"

"உருண்டையைச் சுத்தி வெள்ளை வெள்ளையாப் பின்னியிருந்துச்சு."

"நேத்தே தெரியுமா? எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலைங்க! ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?"

"பண்ணியிருந்தா..." அவன் வரப்புப் புல்லைக் கிள்ளினான். "உங்க பயம் தீர்ந்திருக்கும். இன்னிக்கு நீங்க வந்திருக்க மாட்டீங்க. எனக்கு உங்களைப் பார்க்கணும் போல இருந்துச்சு... தினமும்."

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. படபடப்புதான் வந்தது, இந்த மூன்று நாளும் இருந்ததைவிட அதிகமாக.

"அறுவடை வரைக்கும் வாரம் ஒரு தடவை வந்து அளந்தாப் போதும்," என்றாள் நிலத்தைப் பார்த்தபடி.

அவன் முகம் சுருங்கியது. "மத்த நாள்ல..."

"மத்த நாள்ல," அவள் நிமிர்ந்தாள், "உங்களைப் பார்க்க வரேன்."