ஹார்ட்வெல் பூகோளம்

கண்ணாடி அலமாரி பூட்டியபடியே இருந்தது. இரண்டாவது தட்டில் மட்டும், ஒரு புத்தகம் இருந்த இடம் காலியாக இருந்தது.

1976, ஜூலை. ஞாயிற்றுக்கிழமை காலை. சிட்னியின் லிட்கம் பகுதியில் இரவெல்லாம் பெய்த மழை இன்னும் விடவில்லை.

“போச்சு விஜயா! ஹார்ட்வெல் போச்சு!”

கோபாலகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் விஜயா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். மாடியறையிலிருந்து கமலினியும் இறங்கி வந்தாள். மூன்று பேரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மின்சார இலாகாவில் எஞ்சினியரான கோபாலகிருஷ்ணனுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பரிசாகக் கிடைத்த ஒரு பழைய புத்தகத்தில் ‘டி. ஹார்ட்வெல், பாஸ்டன்’ என்று போட்டிருந்தது. அன்று பிடித்த பைத்தியம். அமெரிக்கா சுதந்திரம் பெற்ற புதிதில் கடை வைத்த அந்தப் பதிப்பாளரின் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினார். ஹார்ட்வெல் எந்த வருடம் எந்தத் தெருவில் கடை வைத்திருந்தார், எப்போது அச்செழுத்தை மாற்றினார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

காணாமல் போனது அவருடைய கிரீடம். ஹார்ட்வெல் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட பூகோளப் புத்தகம், 1796, முதல் பதிப்பு. அந்தப் பதிப்பில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். தன்னிடம் ஒன்று இருக்கிறது என்று அவர் சேகரிப்பாளர்களின் பத்திரிகையில் கட்டுரை எழுத, ஹார்ட்வெல் நூல்களின் பட்டியலைத் தயாரித்துவந்த பாஸ்டன் பேராசிரியர் ஒருவர் அதைப் பார்க்கவே விமானம் ஏறி வந்திருந்தார். திங்கட்கிழமை வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

“கடைசியா யார் தொட்டது?” என்று கேட்டாள் விஜயா.

கோபாலகிருஷ்ணன் கமலினியைப் பார்த்தார்.

கமலினி யாழ்ப்பாணத்துப் பெண். டாஸ்மேனியாவில் ஒரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, கப்பலில் மெல்பர்ன் வந்து, அங்கிருந்து ரயிலில் சிட்னி வந்து, விஜயா வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். நான்கு மாதமாக அவர்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். நிரந்தர விசாவுக்குப் போட்ட விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை.

“நேத்து ராத்திரி புத்தகத்தை உள்ளே வைக்கச் சொல்லி சாவியை உன்கிட்டதானே கொடுத்தேன்?” என்றார் அவர்.

“ஓம் அங்கிள். வைச்சுப் பூட்டிப்போட்டு, சாவியை பிரிட்ஜுக்கு மேலை தட்டிலை போட்டனான்.”

“சாவி தட்டில இருக்கு. புத்தகம் எங்கே?”

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே முடித்துவிட்டார். “நான் போலீசுக்குப் போகல. உன் வயசை நினைச்சு விடறேன். சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணு. இல்லேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரி மேட்ரனுக்கு போன் போகும்.”

கமலினி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திருட்டுப் பேர் வந்தால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். அது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்து விஜயா ஒரு போன் செய்தாள்.

பதினொரு மணிக்கு, ஒழுகும் கராஜைத் தாண்டி வந்து, குடையை உதறிக்கொண்டு வாசலில் நின்றவர் சிவனேஸ்வரி. பல்கலைக்கழக நூலகத்தில் அரிய நூல்கள் பிரிவின் தலைவி. போலிப் பிரதிகளைக் கண்டுபிடிப்பதே வேலை என்பதால், யார் சொல்வதையும் பாதிதான் நம்புவார்.

முன்னறையில் ஏற்கெனவே ஒரு விருந்தாளி இருந்தார். ஹோம்புஷ் பல் வைத்தியர் மகேந்திரராஜா. அவரும் ஹார்ட்வெல் புத்தகம் சேர்ப்பவர். சனிக்கிழமை இரவு விருந்துக்கு வந்தவர், கோபாலகிருஷ்ணன் போனில் சொன்ன செய்தி கேட்டு மறுபடி வந்திருந்தார். மடியில் ஒரு தோல் பை. விஜயா காபி கொடுத்தபோதுகூட அதைக் கீழே வைக்கவில்லை. சிவனேஸ்வரி அதைக் கவனித்துக்கொண்டார்.

“இந்தம்மாவை யார் கூப்பிட்டது?” என்றார் கோபாலகிருஷ்ணன்.

“நான்தான்” என்றாள் விஜயா.

சிவனேஸ்வரி அலமாரியின் பூட்டைப் பார்த்தார். கீறல் இல்லை. சாவியைப் போட்டுத் திறந்து, அதே சாவியால் பூட்டியிருக்கிறார்கள்.

“பொலிசுக்கு ஏன் சொல்லேல்லை?”

“நாளைக்கு புரொபசர் வர்ற வீட்டு வாசல்ல போலீஸ் கார் நிக்கணுமா மேடம்?”

“புரொபசருக்கு இனி என்னத்தைக் காட்டப் போறியள்?”

கோபாலகிருஷ்ணன் அலமாரியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி. புத்தகத்தின்ரை அடையாளம் சொல்லுங்கோ. எனக்கு நீங்கள் முகப்புத்தாளின்ரை போட்டோவை மட்டும்தான் காட்டினனீங்கள்.”

புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னதும் அவர் குரலில் உற்சாகம் வந்தது. “பழுப்புத் தோல் அட்டை. முகப்பில 1796. கார்ன்ஹில் தெரு விலாசம். அது ஹார்ட்வெல்லோட முதல் கடை. கீழே ஒரு சின்னப் பாய்க்கப்பல் முத்திரை.”

“படங்கள்?”

“ஒரே ஒரு தேசப்படம். மடிச்சு ஒட்டினது. ‘நியூ ஹாலந்து’ன்னு போட்டிருக்கும். நம்ம ஆஸ்திரேலியாதான்.”

“அதிலை என்ன இருந்தது?”

“கரையோர ஊர்ப் பேர்கள். தெற்கு முனையில டாஸ்மேனியா. பெரிய நிலத்தோட ஒட்டினாப்பல, ஒரே நிலமா இருக்கும். அந்தக் காலத்து மேப் இல்லையா!”

சிவனேஸ்வரி தலையாட்டினார். “நேற்று ராத்திரி ஸ்லைட் போட்டுக் காட்டினனீங்களாம். எனக்கும் காட்டுங்கோ. களவு போனதை நான் பார்க்க வேணும்.”

திரைச்சீலையை இழுத்துவிட்டு புரொஜெக்டரை ஓட்டினார்கள். முகப்புத்தாள் வந்தது. முன்னுரை வந்தது. முதல் பாடம் வந்தது. அடுத்ததற்கு சுவரில் வெறும் வெள்ளை வெளிச்சம் விழுந்தது.

“ஒரு ஸ்லைட் இல்லை” என்றார் மகேந்திரராஜா.

“அதையும் எடுத்துட்டா பாருங்க!” என்றார் கோபாலகிருஷ்ணன்.

சிவனேஸ்வரி எழுந்து சமையலறைக்குப் போனார். விஜயா பின்னாலேயே வந்தாள்.

“இந்த இடத்திலை நேற்று என்ன வந்தது?”

“மேப்புங்க. மூலையில ஒரு திமிங்கிலம் தண்ணி பீய்ச்சற மாதிரி வரைஞ்சிருந்தது. நல்லா இருந்துது. அதுக்கப்புறம் கமலினி ஏதோ சொன்னா, நாங்க சிரிச்சோம். உடனே இவர் பல்ப் சூடாயிடுச்சுன்னு நிறுத்திட்டார்.”

“எல்லாரும் சிரிச்சனீங்களோ?”

விஜயா யோசித்தாள். “டாக்டர் சிரிச்சார். நான் சிரிச்சேன். இவர்... பின்னாடி மெஷின்கிட்ட இருந்தார். பார்க்கல.”

மாடியறையில் கமலினியின் பெட்டி திறந்து கிடந்தது. பாதி உடுப்பு உள்ளே, பாதி கட்டிலில்.

“நீர் எடுத்தனீரோ?”

“இல்லை அக்கா.” அழுது முடித்த குரல். “எனக்கு அந்தப் புத்தகத்தாலை என்ன பிரயோசனம்?”

“நேற்று அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொன்னனீர்?”

“பகிடிக்குச் சொன்னது. இந்தக் கடலிலைதான் கப்பலிலை வரேக்கை நான் விடிய விடிய வாளியும் கையுமாய்ச் சத்தி எடுத்தனான் எண்டு எழும்பிப் போய்க் கையாலை காட்டினனான். வேறையொண்டும் சொல்லேல்லை.”

சிவனேஸ்வரி பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு, “முகத்தைக் கழுவிப்போட்டுக் கீழை வாரும்” என்றார்.

முன்னறைக்கு எல்லோரும் வந்து சேர்ந்ததும் அவர் மகேந்திரராஜாவிடம் திரும்பினார்.

“டொக்டர், அந்தப் பையுக்கை என்ன?”

“அது என்ரை சொந்தச் சாமான்.”

“திறந்து காட்டுங்கோ.”

“ஏன் காட்ட வேணும்? என்னைக் கள்ளன் எண்டுறீரோ?”

பையை மார்போடு அணைத்துக்கொண்டார். கோபாலகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். “ராஜா, திறங்க. நீங்களா எடுத்தீங்க?” அவர் குரலில் கோபத்தோடு நம்பிக்கையும் கலந்திருந்ததை சிவனேஸ்வரி கவனித்தார். பழி வேறு பக்கம் போகிறதே என்ற நம்பிக்கை.

கடைசியில் மகேந்திரராஜா பையைத் திறந்தார். உள்ளே இருந்தது ஒரு புத்தகம். பழுப்புத் தோல் அட்டை.

“ஹார்ட்வெல் பூகோளம்!” என்றாள் விஜயா.

சிவனேஸ்வரி முகப்புத்தாளைப் பிரித்தார். “1811. வேறை பதிப்பு. எங்கை வாங்கினது டொக்டர்?”

பல் வைத்தியர் நிலத்தைப் பார்த்தார். “போன மாதம் மெல்பர்ன் ஏலத்திலை. கோபால்தான் தனக்காகக் கேட்கச் சொல்லி அனுப்பினவர். வேறை ஆரோ எடுத்திட்டினம் எண்டு அவருக்குப் பொய் சொல்லிப்போட்டன். புரொபசரிட்டைத் தனியாக் காட்டலாம் எண்டு அவரின்ரை ஹோட்டலுக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டன். அப்பத்தான் கோபாலின்ரை போன் வந்தது, போற வழியிலை இஞ்சை வந்தனான்.”

“அடப்பாவி!” என்றார் கோபாலகிருஷ்ணன்.

“அவரைப் பிறகு ஏசுங்கோ” என்ற சிவனேஸ்வரி, புத்தகத்தின் நடுவே மடித்து ஒட்டியிருந்த தேசப்படத்தை மெதுவாக விரித்து மேசைமேல் வைத்தார். “விஜயா, நேற்றுப் பார்த்த படம் இதுதானோ?”

“இதேதான். அதோ திமிங்கிலம்.”

“கமலினி, எந்தக் கடலைக் காட்டினனீர்?”

கமலினி குனிந்தாள். ஆஸ்திரேலியாவின் அடியில் ஒரு சிறு தீவு தனியாக மிதந்தது. இடையிலிருந்த நீரில் விரல் வைத்தாள். “இதை.”

“டொக்டர்?”

“ஓம், இதேதான். நேற்றுப் பார்க்கேக்கையே என்ரை புத்தகத்திலை இருக்கிற மாதிரி எண்டு நினைச்சனான். சொன்னால் ஏலக் கதை வெளியிலை வந்திடும் எண்டு பேசாமல் இருந்திட்டன்.”

சிவனேஸ்வரி நிமிர்ந்தார்.

“டாஸ்மேனியா ஒரு தீவு எண்டு 1796இலை உலகத்திலை எந்த வரைபடக்காரனுக்கும் தெரியாது. ஒட்டின நிலம் எண்டுதான் கீறினவை. இரண்டு வருஷம் கழிச்சு ஒரு சின்னக் கப்பல் அதைச் சுற்றி வந்த பிறகுதான் நடுவிலை கடல் இருக்கெண்டு தெரிஞ்சது. அப்ப இந்தப் படம் இருக்கிற புத்தகம் 1796ஆக இருக்கவே ஏலாது. காணாமல் போனதும் டொக்டரின்ரை மாதிரி 1811 பதிப்புத்தான். எந்தக் காலத்திலையோ ஆரோ ஒரு வியாபாரி அதின்ரை முகப்புத்தாளைக் கிழிச்சுப்போட்டு 1796 எண்டு போட்ட தாளை ஒட்டி வித்திருக்கிறான்.”

விஜயா மறுபடி குனிந்து அந்தத் தீவைப் பார்த்தாள்.

“புத்தகத்துக்கு ஆசைப்பட்ட கள்ளன் புத்தகத்தோடை போயிருப்பான். ஸ்லைட்டை, அதுவும் அந்த ஒரு ஸ்லைட்டை, ஏன் எடுக்க வேணும்? எடுத்தவருக்குப் புத்தகம் முக்கியமில்லை. அந்தக் கடலைப் புரொபசர் பார்க்கக் கூடாது. அதுதான் முக்கியம்.” அவர் மெதுவாகத் திரும்பினார். “படம் எப்படி இருந்தது எண்டு நான் எல்லாரையும் கேட்டன். மூன்று பேர் கண்டதைச் சொல்லிச்சினம். நீங்கள் மட்டும் ஒட்டின நிலம் எண்டு சொன்னனீங்கள், கோபாலகிருஷ்ணன். ஏமாந்து வாங்கின மனுசன் எண்டால் கண்டதைத்தானே சொல்லியிருப்பார்? அந்த வருஷத்துப் படம் எப்படி இருந்திருக்க வேணும் எண்டு தெரிஞ்சவர்தான், அப்படி இல்லாததை மறைக்கப் பொய் சொல்லுவார்.”

“வீடெல்லாம் தேடியாச்சு...” என்று தொடங்கினார் கோபாலகிருஷ்ணன்.

“நீங்கள் அதை எரிச்சிருக்கமாட்டியள். உங்களுக்குக் கை வராது. கராஜ் ஒழுகுது, அங்கையும் வைக்கமாட்டியள். இந்த மழையிலை வீட்டிலை காய்ஞ்ச இடம் ஒண்டுதான் இருக்கு.”

விஜயா ஏற்கெனவே வீட்டின் உள்நடைக்குப் போய்விட்டாள். வெந்நீர்த் தொட்டியின் சூட்டில் எப்போதும் காய்ந்திருக்கும் சிறு அலமாரியைத் திறந்து, துவாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அடியில் ஒரு சலவை வேட்டி மடிப்பு. அதற்குள் புத்தகம். புத்தகத்துக்குள் அந்த ஸ்லைட்.

கோபாலகிருஷ்ணன் உட்கார்ந்துவிட்டார். “எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். முகப்பு, விலாசம், எழுத்து, எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். அந்தக் கடல் என் கண்ணுல படவே இல்லை. இவ ஒரு நிமிஷத்துல விரலை வச்சுட்டா. அவ்வளவு பெரிய மனுஷன் அமெரிக்காவிலேர்ந்து வந்து என் எதிர்ல சிரிச்சா...” கமலினியை ஏறிட்டுப் பார்க்க முயன்று முடியாமல் போனார். “உன்னை மாட்டிவிடணும்னு நினைக்கலம்மா. யார் கடைசியா தொட்டதுன்னு விஜயா கேட்டதும் வாயில வந்துடுச்சு.”

“வாயிலை வந்தது எண்டால், மத்தியானத்துக்குள்ளை திரும்ப எடுத்திருக்கலாம் அங்கிள்” என்றாள் கமலினி. “நான் மேலை அழுதது உங்களுக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது?”



விஜயா போனை எடுத்து ஹோட்டலுக்குச் சுழற்றினாள். பேராசிரியரின் அறைக்கு இணைப்புக் கிடைத்ததும் ரிசீவரைக் கணவர் கையில் வைத்தாள். “சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. பத்திரிகைக்கும் எழுதறேன்னு சொல்லுங்க.”

கமலினி பெட்டியோடு இறங்கி வந்தாள்.

“இனிமே எதுக்கும்மா போறே?” என்று விஜயா அவள் கையைப் பிடித்தாள்.

“நாளைக்கு டியூட்டியிலை சந்திப்பம் அன்ரி. உங்களிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா இந்த வீட்டிலை எனக்கு இனி நித்திரை வராது.”

“என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மாதான் கிடக்கு” என்றார் சிவனேஸ்வரி, யாரையும் பார்க்காமல்.

விஜயா தடுக்கவில்லை. பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரே குடையில் வாசலைத் தாண்டும்போது, பாதி திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கோபாலகிருஷ்ணனின் குரல் கேட்டது. எதிர்முனையில் இருந்தவருக்கு நம்ப முடியவில்லை போலும். அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நோ சார். நாட் நைன்ட்டி சிக்ஸ். எயிட்டீன் இலெவன். யெஸ் சார். ஐ நியூ.”

தனக்குத் தெரியும் என்று அவர் ஒப்புக்கொண்டதை விஜயா நின்று கேட்டாள். பிறகு பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தாள்.